பெஞ்சுக்கு எடுத்த ஆள்

1

கற்பூரத்தையும் ரப்பரையும் ஒன்றாக வேகவைத்தது போல ஒரு வாடை. தசைப்பிடிப்புக்கு ஒட்டும் மருந்துப் பட்டையை இங்கே கோயோக் என்பார்கள். போன ஞாயிறு காலையில் காரின் பின் இருக்கையைத் துடைத்தபோது இடுக்கில் கிடந்த ஒரு பழைய பட்டை விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. சவர்க்காரம் போட்டு மூன்று முறை கை கழுவினேன். சோற்றைப் பிசைந்தால் வருகிறது, மூக்கைத் தேய்த்தால் வருகிறது. என் மச்சான் சேவியரின் இடது முட்டியின் வாடை அது. மூன்று வாரமாக அவர் அந்த இருக்கையில் உட்காரவில்லை.

மலேசியாவில் இந்தக் கோல சிலாங்கூருக்கு நான் வந்து இந்த மாதத்தோடு இருபத்திரண்டு வருடம் முடிகிறது. ஊரில் சிறுபத்திரிகை நடத்தும் நண்பர், ஆற்றங்கரை மின்மினிகளைப் பற்றி எழுதித் தரக் கேட்டிருந்தார். அவை இங்கே இருக்கின்றன. படகில் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். அவற்றைப் பற்றி எழுத என்னிடம் ஒரு வரியும் இல்லை. இந்த வருடம் என்னிடம் இருப்பது குமட்டல். அதை எழுதுகிறேன், வேண்டாமென்றால் பக்கத்தைத் திருப்பிவிடுங்கள்.

2

என்னைத் தெரியாதவர்களுக்கு: கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து வந்தவன். ஆற்று முகத்துக்குப் பக்கத்தில் ஒரு பட்டறையில் மீன்பிடிப் படகுகளின் எஞ்சினைப் பிரித்துப் பூட்டுகிறேன். வந்த புதிதில் துணிக்கடையில் சாரம் வேண்டும் என்று கேட்டு நின்றேன், கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கைலியை எடுத்துப் போட்டார். "பசியாறிட்டீங்களா?" என்று காலையில் யாராவது விசாரித்தால் எனக்குப் பசியே இல்லை என்று விளக்கம் சொல்வேன். இப்போது நானே எல்லாரிடமும் பசியாறியாச்சா என்று கேட்கிறேன். நாக்கு பழகிவிடும். நாக்கு எதற்கும் பழகிவிடும், அதைப் பற்றியும் கீழே சொல்ல வேண்டியிருக்கிறது.

மனைவி ரீத்தா புக்கிட் ரோத்தான் பக்கத்தில் ஒரு தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். அந்த லயம் இருந்த இடத்தில் இப்போது வீடமைப்புப் பகுதியின் கார் நிறுத்தும் இடம். சேவியர் அவளுடைய அண்ணன். நாற்பத்து நான்கு வயது. எண்ணெய் பிழியும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். ஒரு காலத்தில் இந்த வட்டாரத்தில் அவரைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனவர்கள் குறைவு என்று, அவரிடம் உதை வாங்கியவர்களே கோப்பிக்கடையில் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இங்கே தோட்டங்களுக்கு இடையே ஒரு கிண்ணப் போட்டி வருடா வருடம் நடக்கிறது. தோட்டங்கள் போய்விட்டன. கிண்ணம் மட்டும் கோல சிலாங்கூருக்கும் பத்தாங் காலிக்கும் நடுவே, செம்பனைக்குள் மிச்சமிருக்கும் திடல்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. எங்கள் அணிக்குச் செங்கதிர்க் கழகம் என்று பெயர். அதன் செயலாளர் நான். தமிழ்நாட்டிலிருந்து வந்தவன் என்பதால் எழுதத் தெரியும் என்று நம்பி அந்த நாற்காலியில் உட்காரவைத்தார்கள். நோட்டீஸ் எழுதுவது, ஆட்டக்காரர்களைப் பதிவது, ஆட்டத்தன்று ஆள் மாற்றும் சீட்டை நடுவரிடம் நீட்டுவது எல்லாம் என் வேலை. கழகத்தின் மேனேஜர் பன்னீர், லோரி குத்தகைக்காரர். எல்லாரும் அவரை பாஸ் என்பார்கள். நானும்தான்.

3

போன சீசனில் ஒரு நாள் தொழிற்சாலையில் ஓவர்டைம் என்று ஐந்து பேர் வரவில்லை. ஒன்பது பேரோடு ஆடி, எண்ண முடியாத அளவுக்கு வாங்கிக் கட்டிக்கொண்டோம். அதனால் இந்த வருடத் தொடக்கத்தில் பாஸ், "டெப்த் வேணும்லா" என்றபோது எனக்கு நியாயமாகவே பட்டது. கழகம் இல்லாமல் சும்மா இருக்கும் பழைய ஆட்டக்காரர்கள் சிலரை எடுத்துப் பெஞ்சை நிரப்பலாம் என்றார். தொலைக்காட்சியில் வரும் பெரிய கழகங்களும் அதைத்தானே செய்கின்றன.

மூன்று பேர் சிக்கினார்கள். சுங்கை பஞ்சாங்கிலிருந்து ஒரு கோல்கீப்பர், ராசா என்ற ஊரிலிருந்து தனபால் என்பவர், அப்புறம் சேவியர். அணியின் முகநூல் பக்கத்துக்குச் சுவரொட்டி செய்கிறவள் என் மகள் ஏஞ்சலின். பதினெட்டு வயது, கல்லூரியில் முதல் வருடம். சேவியரின் பழைய படத்தைத் தேடிப்பிடித்து, வயிற்றைக் கொஞ்சம் உள்ளே தள்ளி, பின்னால் நெருப்பு எரியவிட்டு, ஜாம்பவான் திரும்புகிறார் என்று ஆங்கிலத்தில் போட்டாள். எதற்கு இத்தனை நெருப்பு என்று கேட்டேன். "எல்லாம் ஹைப்லா, பா" என்றாள். அவளோடு நான் பேசும் தமிழ் பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறதாம். கேட்டுவிட்டுச் சிரிப்பாள், பாதி ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், காதில் செருகியதைச் சரிசெய்துகொள்வாள்.

மண்டபத்தில் கூட்டம் போட்டு மூன்று பேருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். பொன்னாடைக்கு இங்கே ஒரு வழக்கம் உண்டு. ஓய்வு பெறுகிறவருக்குப் போர்த்துவார்கள், இறந்தவருக்குப் போர்த்துவார்கள். இனி ஆட வருகிறவருக்கு எதற்குப் போர்த்துகிறார்கள் என்று ஒரு கணம் தோன்றியது. ஒரு கணம்தான். கை தட்டினேன்.

அதற்கு ஒரு வாரத்துக்கு முன்பே சேவியர் என்னைத் தேடிப் பட்டறைக்கு வந்திருந்தார். பத்தாங் காலி அணியிலிருந்து அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே எல்லாம் பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகள். நன்றாக ஓடுகிறார்கள், ஆனால் பின்னால் நின்று நிறுத்திவைக்க ஆள் இல்லை. நீங்கள் வந்து நில்லுங்கள் அண்ணே, ஓட வேண்டாம், சத்தம் மட்டும் போடுங்கள் என்றார்களாம். அதைச் சொல்லும்போது அவருக்கு வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. எண்ணெய்க் கறை படிந்த பலகையில் உட்கார்ந்து, கால்சட்டையை முட்டிக்கு மேல் சுருட்டிக் காட்டினார்.

"இதுல இன்னும் ஒரு சீசன் இருக்கு, மாப்ளே. ஒண்ணுதான் இருக்கு. எங்க செலவு பண்றதுன்னு நீங்க சொல்லுங்க."

பத்தாங் காலி ஒரு மணி நேரப் பயணம். எங்கள் திடல் அவர் வீட்டிலிருந்து ஐந்து நிமிடம். இங்கேயே ஆடுங்க மச்சான், நான் இருக்கேன்ல என்றேன். அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகளை நினைத்தால் இப்போது வாயைக் கொப்பளிக்கத் தோன்றுகிறது.

4

இந்த அழுக்கு எனக்குப் புதிதில்லை. எங்கள் கடற்கரையில் கோயில் திருவிழாவுக்குக் கால்பந்துப் போட்டி நடக்கும். மணலில் கம்பு நட்டு, வலை கட்டி, ஒலிபெருக்கி அலற நடக்கும். எல்லை தாண்டிக் கொல்லம் பக்கமிருந்து கூலிக்கு ஆட்டக்காரர்களை அழைத்துவருவார்கள். ஐந்து பேரை அழைத்துவந்து மூன்று பேரை இறக்குவார்கள். மிச்ச இரண்டு பேரும் காலுறை மாட்டிக்கொண்டு கடலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். விழாக் குழுவில் நான் அப்போது சின்னத் தொண்டன். ஆட்டம் முடிந்ததும் அந்த இரண்டு பேர் கையிலும் பரோட்டாப் பொட்டலத்தைக் கொடுத்துப் பேருந்து ஏற்றிவிடுவது என் பொறுப்பு. அவர்களில் ஒருவர், தலை நரைத்தவர், படியில் கால் வைத்தபடி கேட்டார்: அடுத்த ஆட்டம் யாரோடு? அடுத்த ஆட்டமே கிடையாது. வலையை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். கடிதம் போடுகிறோம் சேட்டா என்றேன்.

கடல் தாண்டினால் அழுக்கு நம்மை விட்டுப் போய்விடும் என்று நினைத்துத்தான் விமானம் ஏறினேன். உடம்போடு வருவதைச் சுங்க அதிகாரி எப்படிக் கண்டுபிடிப்பார்?

5

ஆட்டக்காரர் பதிவு ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு முடிகிறது. ஒரு கழகத்தில் பதிந்தவர் சீசன் முடியும்வரை வேறு எங்கும் ஆட முடியாது. அடையாள அட்டை நகல், மருத்துவர் சான்று, இரண்டு படம், ஆட்டக்காரர் கையெழுத்து, கழக முத்திரை என்று ஆளுக்கு நான்கு தாள்.

முதல் நாள், வியாழக்கிழமை காலை, பாஸ் பசியாறும் கடைக்கு எல்லாத் தாளையும் எடுத்துக்கொண்டு போனேன். எந்த இடத்தில் ஆடுவார் என்று பதிவுப் பாரத்தில் ஒரு கட்டம் உண்டு. மச்சானைச் சென்டரில் நிறுத்துவீர்களா ஓரத்திலா, எப்படி எழுதட்டும் என்று கேட்டேன். பாஸ் ரொட்டி சானாயைக் கிழித்து, பருப்பில் தோய்த்து, வாயில் போட்டு, விரலைச் சப்பிவிட்டுச் சொன்னார்:

"டிஃபெண்டர்னு எழுதுங்க, செக்ரட்டரி. ஆனா அவர் ஆடறதுக்கு இல்ல. பத்தாங் காலிக்கு ஆடாம இருக்கறதுக்கு."

சிரித்தார். மற்ற இரண்டு பேரும் அப்படித்தான், ஆளுக்கு ஓர் அணிக்காரன் கண் வைத்திருந்தான் என்றார். நம் பெஞ்சில் இருந்தால் நமக்கு நிம்மதி. தேநீர் வந்தது. அதே சிரிப்போடு, "நம்ம ஃபாரம் எப்ப வேணும்? இந்த வாரமே போட்டுடலாம்ல?" என்றார்.

அவர் சொன்ன 'நம்ம ஃபாரம்' என்னுடையது. என் கையில் இருப்பது நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அட்டை. குடியுரிமைக்கு விண்ணப்பிக்க இரண்டு குடிமக்கள் எனக்காகக் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் எங்கள் மாதா கோயில் சபைப் பெரியவர், போட்டுவிட்டார். இன்னொருவர் பன்னீர். போடுகிறேன் என்று இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் கோபம் வந்திருக்கும், கோபம் மனிதனுக்கு ஒரு வசதி. அவர் எனக்கும் சேர்த்துத் தேநீர் வரவழைத்தார். எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு, நான் எப்போதும் பையில் வைத்திருந்த என் பாரத்தில் கையெழுத்தும் போட்டார். நான் நன்றி சொன்னேன்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணி வரை காத்திருந்திருக்கலாம். ஒரு தாளைத் தொலைத்திருக்கலாம், முத்திரையை மறந்திருக்கலாம். எத்தனை முறை உண்மையாகவே மறந்திருக்கிறேன். அந்த வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். என் மேசையில் இரண்டு விண்ணப்பங்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஒன்று என்னை ஒரு நாட்டுக்குள் விட, இன்னொன்று ஒரு மனிதனைத் திடலுக்குள் விடாமலிருக்க. இரண்டிலும் என் கையெழுத்து அழகாக இருந்தது.

6

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஒரே மாதிரி. சேவியர் ஞாயிற்றுக்கிழமை லோரி நடையை வேறொருவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு என் காரில் வருவார். பின் இருக்கையில் உட்கார்ந்து முட்டியில் பட்டை ஒட்டுவார். பெஞ்சில் சப்பாத்துக் கயிற்றை இறுக்கிக் கட்டுவார், அவிழ்ப்பார், மறுபடி கட்டுவார். இரண்டாம் பாதியில் பாஸ் கையைச் சுழற்றுவார், உடம்பைச் சூடாக்கு என்று அர்த்தம். சேவியர் எழுந்து கோட்டோரம் ஓடுவார். அந்தக் கொடியிலிருந்து இந்தக் கொடிக்கு. செம்பனை நிழல் திடலுக்குள் நீளும், விசில் ஊதும், அவர் வேர்வையோடு வந்து உட்காருவார்.

மாற்றுச் சீட்டு என் சட்டைப் பையில் இருக்கும். "இன்னிக்கு இருக்கா, மாப்ளே?" என்று கேட்பார். பாஸ்தான் முடிவு பண்ணணும் என்பேன். நான் சொன்னது பொய் கூட இல்லை, அதுதான் அதில் நாற்றம்.

ராசா தனபால் மூன்றாவது வாரத்தோடு வருவதை நிறுத்திவிட்டார். சுங்கை பஞ்சாங் கோல்கீப்பர் ஆட்டம் முடிந்ததும் கிடைக்கும் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்துக்காக வந்தார், அதை அவரே சொல்லிச் சிரிப்பார். சேவியர் மட்டும் ஆட வந்தார். பயிற்சியில் எங்கள் பையன்களுக்கு எங்கே நிற்பது, எப்போது ஏறுவது என்று சொல்லிக்கொடுத்தார். அவர்கள் காதில் வாங்கவில்லை. ஏஞ்சலின் ஆட்டத்துக்கு ஆட்டம் போடும் படத்தில் மாமாவின் முகம் கடைசி வரிசையில், தபால் தலை அளவுக்குச் சுருங்கிவிட்டது. ஏன் என்று கேட்டேன். பாஸ் அப்படித்தான் போடச் சொன்னாராம். நீ ஏன் என்று கேட்கவில்லையா? "நீங்க கேட்டீங்களா, பா?" என்றாள், கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமல்.

நடுவில் ஒரு நாள் குடியுரிமை நேர்காணலுக்குப் போனேன். எண் வாங்கி, காத்திருந்து, நகல் எடுக்கச் சொன்னதை எடுத்து, மறுபடி எண் வாங்கி உள்ளே போனால், மலாய்மொழியில் பேசச் சொன்னார்கள். இருபத்திரண்டு வருடமாக என் மலாய் கல்லில் கட்டைவண்டி போல உருளும். படகுக்காரர்களிடம் எஞ்சினைப் பற்றி மட்டும் தடங்கல் இல்லாமல் பேசுவேன். அதிகாரி நல்ல மனிதர். வட்டாரத்துக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று பொறுமையாகக் கேட்டார். கால்பந்துக் கழகத்தின் செயலாளர், வயதான ஆட்டக்காரர்களுக்கு இன்னொரு வாய்ப்பு வாங்கித் தருகிறேன் என்றேன். ஒரு வார்த்தை தடுக்கவில்லை. பிறவியிலேயே அந்த மொழி பேசுகிறவனைப் போலச் சொன்னேன். அவர் பாராட்டினார்.

வெளியே வந்து வாசல் கழிப்பறையில் வாந்தி எடுத்தேன். காலையில் சாப்பிட்டது சரியில்லை என்று ரீத்தாவிடம் சொன்னேன்.

7

கடைசி ஆட்டம் பத்தாங் காலி அணியோடு, அவர்கள் திடலில். மதியம் மழை பெய்து விட்டிருந்தது. புல்லிலிருந்து ஆவி கிளம்பியது. நாங்கள் ஜெயித்தால் கிண்ணம் எங்களுக்கு, சமன் செய்தால் கிடையாது.

பத்தாங் காலிப் பிள்ளைகள் சேவியர் சொன்னது போலத்தான் இருந்தார்கள். முன்னால் நான்கு பேரும் மான். பின்னால் நான்கு பேரும் சந்தையில் தொலைந்த பிள்ளைகள், ஆளுக்கு ஒரு பக்கம். முதல் பாதியில் ஒன்றுக்கு ஒன்று. இரண்டாம் பாதியில் எங்கள் ஆட்கள் அலை அலையாக ஏறினார்கள். இன்னொரு கோல் விழாதது அவர்கள் கோல்கீப்பரின் அதிர்ஷ்டம்.

எங்கள் பின்வரிசைச் சென்டர் பையனுக்குக் கால் பிசகியது. சேவியர் எழுந்தார். நான் சீட்டில் அவர் எண்ணை எழுதத் தொடங்கினேன். பாஸ் என் கையை அழுத்தி, இடுப்பளவு இருக்கும் ஒரு பையனின் எண்ணைச் சொன்னார். அவன் நடுக்களத்துக்காரன், பின்னால் நின்றதே இல்லை. எழுதினேன். சேவியர் உட்கார்ந்தார்.

அப்புறம் நடந்ததை எப்படிச் சொல்வது? எங்கள் ஆள் ஒருவன் பந்தோடு ஓடுகிறான், அவர்களுடைய பின்வரிசை கிழிந்து கிடக்கிறது. எங்கள் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வெடித்தது: "டேய் நாலு! ஏறாதே! உள்ள வா, உள்ள வா!" பத்தாங் காலியின் நான்காம் எண் பையன், யார் சொன்னது என்று பார்க்காமலே உள்ளே வந்தான். பந்து அவன் காலில் பட்டு வெளியே போனது.

திடலே ஒரு கணம் எங்கள் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தது. சேவியருக்கே என்ன செய்தோம் என்று தெரிந்த மாதிரி இல்லை. கோல்கீப்பர் நண்பர் பொட்டலத்தைப் பிரித்தபடி விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த தாக்குதலுக்கும் குரல் வந்தது. மூன்றாவதுக்கும். பாஸ் திரும்பினார்.

"யோவ், யாருக்கு ஆளுயா நீ?"

"ஆடச் சொல்லல, பாஸ். சும்மா இருக்கச் சொன்னீங்க. முடியல."

"உன்ன எதுக்கு எடுத்தேன்னு செக்ரட்டரியக் கேளு."

சேவியர் என்னைப் பார்த்தார். கோபப் பார்வை இல்லை. பிரித்த எஞ்சினில் எந்த ஆணி இல்லை என்று நான் தேடுவேனே, அந்தப் பார்வை. மேலே போட்டிருந்த மாற்று ஆட்டக்காரர் சட்டையைக் கழற்றிப் பெஞ்சில் மடித்துவைத்தார். திடலைச் சுற்றி நடந்தார். அவசரமில்லாமல், லேசாகக் காலை இழுத்து, கொடியைச் சுற்றி, கூட்டத்தை விலக்கி, பத்தாங் காலி கோல் கம்பத்துக்குப் பின்னால் போய் நின்றார். அங்கே பார்வையாளர்கள் நிற்பார்கள், நின்று கத்துவார்கள், யாரும் தடுக்க முடியாது.

கடைசி இருபது நிமிடமும் அங்கிருந்து பேசினார். நாலு இடப்பக்கம், ரெண்டு பின்னாடி பாரு, பதறாதே, பதறாதே, இப்ப ஏறு. குரல் கம்மியது, நிறுத்தவில்லை. அந்த நான்கு பிள்ளைகளும் ஒரே கயிற்றில் கட்டியது போல நகர்ந்தார்கள். அந்தச் சீசனில் நான் பார்த்த அழகான ஆட்டம் அதுதான். அதைப் பார்க்கும்போதும் என் பையில் இருந்த சீட்டுக் கட்டு நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒன்றுக்கு ஒன்று. விசில்.

8

பாஸ் யாரிடமும் பேசாமல் காரேறிப் போய்விட்டார். பத்தாங் காலிப் பிள்ளைகள் சேவியரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவன் தண்ணீர் கொடுத்தான், ஒருவன் அவர் தோளில் தொங்கினான். அண்ணே, வேனில் வாங்க, நாங்க வீட்டுல விடறோம் என்றார்கள்.

என் காரில் கிடந்த பையை எடுக்க வந்தார். ஏஞ்சலின் முன் இருக்கையில் இருந்தாள். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு என் பக்கத்து ஜன்னலுக்கு வந்தார்.

"பாஸ் உங்களைக் கேக்கச் சொன்னாரு. கேக்கறேன்."

சொன்னேன். உங்களை ஆட வைக்க எடுக்கவில்லை மச்சான், அவர்களுக்கு ஆடாமல் இருக்க எடுத்தது என்று சொன்னேன்.

"அது மூணாவது மேட்ச்லயே தெரிஞ்சுபோச்சு. உங்களுக்கு எப்பத் தெரியும்?"

பதிவதற்கு முன்னாலேயே என்றேன்.

"என்னிக்கு?"

"வியாழக்கிழமை. காலையில."

"ஃபாரம் குடுத்தது?"

"வெள்ளிக்கிழமை."

தலையை ஆட்டினார். ஏஞ்சலின் காதில் செருகியிருந்ததை எடுத்துவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தாள். குடியுரிமை விண்ணப்பத்தைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தேன். இரண்டு கையெழுத்து, சிவப்பு அட்டை, இவ்வளவு வருடம் என்று வரிசையாகச் சொல்லத் தயாராக இருந்தது. அதற்குள் அவர் பையின் வாரைத் தோளில் ஏற்றிக்கொண்டு வேன் பக்கம் திரும்பிவிட்டார். வேன்காரப் பிள்ளைகள் ஹாரன் அடித்தார்கள். அவர் நாலு அடி நடந்துபோனார். நின்றார். திரும்பி வந்து ஜன்னலில் குனிந்தார். கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது.

"அந்த வியாழக்கிழமை சாயங்காலம் உங்க வீட்டுக்கு வந்தேன், மாப்ளே. ரீத்தா வேலைக்குப் போயிருந்தா. நீங்கதான் எனக்குச் சோறு போட்டீங்க."